பூவாடைக்காரியாகிவிட்ட என் ஓரகத்திக்கு

என் கன்னியம்மா அக்காவுக்கு,

அக்கா என்றே கூப்பிடுகிறேன். இனிமேல் உன்னைத் தாயே என்று கூப்பிட வேண்டுமாம், மண்ணூர்பேட்டை நாத்தனார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை உன்னைச் சாமியாக்கி, பானையில் அழைத்துவந்து, நடுவீட்டில் உட்காரவைத்துப் பொங்கல் படைத்தோம். நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். உன்னை! ஒரே அடுப்படியில் உன்னோடு முட்டிமோதிக்கொண்டிருந்தவள், உப்பு கூடிப்போனது யாரால் என்று உன்னோடு நாள்பூரா வாதாடியவள், உன் காலில் விழுந்தேன். நீ சிரித்தாயா இல்லையா, உண்மையைச் சொல்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, நீ போனபிறகும் இருந்தது. சாமியானபிறகு இன்னும் கூடிப்போயிருக்கிறது. ஊரில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, செத்துப்போனவள்மேல் வயிறெரிகிறாளே என்று காறித் துப்புவார்கள். உன்னிடம் சொன்னால் என்ன? உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

உன்னிடம் இருந்ததைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை அக்கா. உன் புருஷன் உனக்கு, உன் மகள் உனக்கு, நன்றாக இருக்கட்டும். எனக்கும் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நியாயம் என்று நான் கேட்பதெல்லாம் இதுதான். இது பெரிய கேள்வியா? அம்மன் இதற்குப் பதில் சொல்ல இத்தனை வருஷமா எடுத்துக்கொள்வாள்?

பூக்கேட்ட அந்த நாளை நினைத்துப்பார். கொரட்டூர் ஏரி அடுத்தடுத்து நிரம்பாமல் போய், அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் அந்தத் துண்டு நிலத்தில் வயிறு கழுவ முடியாமல் நின்ற காலம். ரங்கூனில் அரிசி மில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அம்பத்தூரிலிருந்து தரகர் வந்து போனார். ஒருவர் போனால் போதும், மற்றவர் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். யார் போவது? உன் வீட்டுக்காரர் நான் போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், நான் போகிறேன் என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அம்மனிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று.

ஒரு வெற்றிலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட்டார் பூசாரி. வெள்ளை வந்தால் அண்ணன் வீட்டில் இருப்பது, தம்பி கப்பல் ஏறுவது. சிவப்பு வந்தால் மாற்றி. உன் மகள் சரோஜா அப்போது பாவாடை தடுக்கி விழுகிற வயசு. அவளைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அவள் ஒன்றை எடுத்து, பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்தாள். உள்ளே வெள்ளை.

உன் முகம் ஒரு கணம் மலர்ந்தது அக்கா. உடனே மறைத்துக்கொண்டாய், என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஆனால் நான் பார்த்துவிட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. சிவப்பு வந்திருந்தால் என் முகமும் மலர்ந்திருக்கும்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டுவழியாக நடந்தே வந்தார்கள். அம்பத்தூர்க்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாய் வந்துசேர்ந்தார் என்று கேள்விப்பட்டு நாம் இரண்டு பேரும் ஓடினோம். அந்த மனுஷன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "ஆத்தண்ட வரிக்கும் ஒண்ணாத்தாம்மா வந்தோம். அவருக்குக் காய்ச்ச அடிச்சிகினு இருந்துச்சி. படவுல ஏறச்சொல்ல ஒரே கும்பலு. அப்பால நான் அவரப் பாக்கல." பார்க்கவில்லை என்றுதானே சொன்னார்? செத்துவிட்டார் என்று சொல்லவில்லையே. வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன், நீயும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாய்.

நீ ஆமாம் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கென்ன, வீட்டுக்குப் போனால் உன் புருஷன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. வைக்கோலில் ஆள் செய்து காரியம் பண்ணிவிடலாம், எத்தனை நாள்தான் இவள் பூவும் பொட்டுமாய் அலைவாள் என்று பங்காளிகள் நாலுபேர் வாசலில் வந்து நின்றார்கள். நீ முறத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தாய். "பொணத்தப் பாத்தவன் எவன்? அவன இங்க இட்டாந்து என் எதிர்ல நிறுத்துங்க. அப்பால பேசலாம். வைக்கோல்ல ஆள் செய்யறாங்களாம், அப்படியே உங்களுக்கும் ஒண்ணு செஞ்சிக்கோங்க!" என்றாய். வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உன் நெற்றியில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் என் நெற்றியில் குங்குமம் வைத்தாய். ஒரு வெள்ளி தவறவில்லை.

இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொன்னதில்லை, இப்போதும் வாய் வரவில்லை. குங்குமச் சிமிழ் உன் கையில் இருந்தது, என் நெற்றி குனிந்திருந்தது. இருக்கிறவளால்தானே கொடுக்க முடியும்? வாங்கிக்கொள்கிறவளுக்கு உள்ளே என்ன எரிகிறது என்று உனக்குத் தெரிந்ததா? தெரிந்தும் வைத்தாயா?

பிறகு நீ காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவேயில்லை. உன்னைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அரக்குச் சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். உன் காலில் இருந்த மஞ்சளை எடுத்துத் தாலியில் வைத்துக்கொள்ளப் பெண்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். புண்ணியவதி, புருஷன் மடியில் தலைவைத்துப் போனாள் என்றார்கள். நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். உனக்காகத்தான் அழுதேன். ஆனால் அத்தனையும் உனக்காக இல்லை. அந்தச் சாவு எனக்குக் கிடைக்குமா என்று நினைத்தும் அழுதேன். சாவில்கூட உன்னைப் பார்த்து ஏங்கவைத்துவிட்டுப் போனாயே, பாவி.

இப்போது சரோஜாவுக்குக் கல்யாணம். வெள்ளானூர் மாப்பிள்ளை, வண்டி மாடு எல்லாம் உள்ள குடும்பம், பையன் அதிகம் பேசமாட்டான், உன் வீட்டுக்காரர் மாதிரி. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பூவும் பொட்டுமாகப் போன பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி என்று அழைத்துக் கும்பிட வேண்டும். ஏரிக்கரைக்குப் போய், மஞ்சள் பூசிய பானையில் தண்ணீர் மொண்டு, விளிம்பில் ஒரு பூவை வைக்க வேண்டும். பூ தானாக விழுந்தால் நீ வரச் சம்மதித்துவிட்டாய் என்று அர்த்தம். இந்த வீட்டு மருமகள், சுமங்கலி, அந்தப் பானையைத் தலையில் தூக்கி வரவேண்டும். படையலில் வைத்த புடவையைக் கட்டிக்கொள்ள வேண்டியவளும் அவள்தான்.

இந்த வீட்டு மருமகள் இப்போது நான் ஒருத்திதான். ஆனால் நான் சுமங்கலியா? அதுதான் கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பானையை நான் தூக்கினால் என் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று ஊர் ஒப்புக்கொண்டதாகும். வேறொருத்தி தூக்கினால், வைக்கோல் ஆள் இல்லாமலே எனக்குக் காரியம் முடிந்துவிட்டதாகும்.

மண்ணூர்பேட்டை நாத்தனார் மூட்டையோடு முதல்நாளே வந்து இறங்கினார். என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். "தபாரு தேசம்மா, நான் சொல்றேன்னு வருத்தப்படாத. கொயந்த கல்யாணம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பானைய நான் தூக்கறேன், பொடவையும் நானே கட்டிக்கறேன். நீ பொங்க வய்யி, இன்னா?"

"அத்தே, சித்தி தூக்கட்டுமே" என்றாள் சரோஜா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"கல்யாணப் பொண்ணு நீ, கம்முனு இரு. உனுக்கு இன்னா தெரியும்?"

உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நீ இருந்திருந்தால் முறம் பறந்திருக்கும். "சரி அண்ணி, நீங்களே தூக்குங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தேன். எனக்குள் எரிந்த எரிச்சலில் அடுப்பே பற்றவைத்திருக்கலாம்.

விடியற்காலை ஏரிக்கரை. இந்த வருஷம் ஏரி தளும்பி நிற்கிறது அக்கா, நீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். மதகுப் பக்கத்துப் படியில் நாத்தனார் பானையை வைத்தார். மஞ்சளை அப்படி ஒரு அப்பு அப்பியிருந்தார், சுவருக்கு மண் பூசுகிற மாதிரி. அதன்மேல் ஒரு சாமந்திப்பூவை வைத்து அழுத்தினார். வைக்கத்தான் வேண்டும், அழுத்தக்கூடாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

பூ விழவில்லை.

கற்பூரம் கொளுத்தினார். விழவில்லை. குலவை போட்டார்கள். விழவில்லை. மெட்ராஸ் போகிற வண்டி கூவிக்கொண்டு போனது. ஜன்னலில் இருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வெயில் ஏற ஆரம்பித்தது. "கன்னியம்மா கோவமா கீறா போல" என்று ஒருத்தி சொன்னாள். "இன்னா கொறையோ" என்றாள் இன்னொருத்தி. சரோஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அம்மா தன் கல்யாணத்துக்கு வரமாட்டாளோ என்று பயந்துவிட்டாள் பெண். உன் வீட்டுக்காரர் கரையில் தலைகுனிந்து நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மரியாதை, பக்தி எல்லாம் போய்விட்டது. உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவேனே, அதே குரலில் கத்திவிட்டேன். "யக்கா! இன்னா வீம்பு புட்ச்சிகினு கீற? உசுரோட இருக்கச்சொல்லவும் நாலு வாட்டி கூப்ட்டாத்தான் எந்திரிப்ப. இப்பவும் அதே கதையா? உம் பொண்ணு நிக்கிறா பாரு, கண்ணு கலங்கிகினு. பொய்து ஏறுது. வந்து தொல!"

பூ விழுந்தது. தண்ணீரில் விழுந்து மிதந்தது.

 பிறகு கூட்டத்தில் யாரோ, "அவ கூப்ட்டாத்தான் வருவாளாம்" என்றார்கள். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த மஞ்சளை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நீயே தூக்கு. அவளே சொல்லிட்டா, நடுவுல நான் யாரு?" என்று பானையை எடுத்து என் தலையில் வைத்தவர் அவர்தான்.

நான் முட்டாள் இல்லை அக்கா. சரியாக அந்த நேரத்தில் ஏரிக்காற்று ஒரு வீச்சு வீசியதை நான் பார்த்தேன். மஞ்சள் வெயிலில் காய்ந்து வெடித்திருந்ததையும் பார்த்தேன். பூவைத் தள்ளியது நீயா, காற்றா? அம்மனிடம் நியாயம் கேட்டால் அவள் எப்போதும் இப்படித்தான், ஒரு பூவைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். நம்புகிறவள் நம்பிக்கொள்ளலாம், நம்பாதவள் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். பானைத் தண்ணீர் கழுத்தில் வழிய வழிய நடந்துவந்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மறுபடியும் நீதானே கொடுத்தாய்! செத்தபிறகும் உன் கையிலிருந்துதான் என் நெற்றிக்குக் குங்குமம் வரவேண்டுமா?

படையல் முடிந்து புடவை கட்டிக்கொள்ள உள்ளறைக்குப் போனேன். கொசுவம் நிற்கவில்லை. நாத்தனார் வந்து மடிப்பைப் பிடித்துச் சொருகிவிட்டார். சொருகிக்கொண்டே கேட்டார்: "உனுக்குக் கன்னியம்மா மேல வயித்தெரிச்சல் இன்னும் போவல இல்ல?"

மறைக்க முடியவில்லை. "போவல அண்ணி."

அவர் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து புடவைக் கரையை இழுத்துச் சரிசெய்தார். "எங்க ஊட்டாண்ட ஒரு பொண்ணு கீறா. அவ புருஷன் ரயில்ல அடிபட்டுப் பூட்டான், அவளே பாத்தா, அவளே தூக்கினா. அவளுக்கு யாரப் பாத்தும் பொறாம இல்ல தெரிமா? எங்க பொடவயப் பாத்து, எங்க பூவப் பாத்து, நல்லாருங்கன்னு சிரிப்பா. ஒரு நாளு கேட்டேன். எனுக்கு முட்ஞ்சிபோச்சி யக்கா, அத இன்னாத்துக்குப் பாத்துகினு இருக்கணும்னா." கரையை இன்னொரு முறை நீவிவிட்டார். "உனுக்கு இன்னும் எரியுதுன்னா, உம் மனசுக்குள்ள அவன் இன்னும் சாவல. எந்தம்பி. அது எனுக்கும் சந்தோசந்தான்." சொல்லிவிட்டு என் முந்தானையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொங்கல் ஆறுது வா என்று எழுந்து போனார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பொறாமையை ஒரு வியாதி என்று நினைத்திருந்தேன். ஏரிக்கரைக் கோயிலில் நின்று, இதை எடுத்துவிடு தாயே என்று எத்தனை முறை வேண்டியிருக்கிறேன்! அவள் எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவள் காட்டிய கருணையோ என்னவோ. ஊர் அவரை முடித்துவிட்டது, ரங்கூனிலிருந்து திரும்பியவர்கள் என்று சர்க்கார் போட்ட காகிதத்தில் அவர் பெயரே இல்லை. என்னுடைய எரிச்சல் ஒன்றுதான் அவரைப் பிடித்துவைத்திருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. சர்க்கரை கிடைக்கவில்லை, பாயசத்துக்கு வெல்லம்தான். மண்ணெண்ணெய்க்கு அலைந்து ஓய்ந்து கடைசியில் தீவட்டி பிடித்தோம். ஆவடிப் பக்கத்து மிலிட்டரி லாரி ஒன்று மாப்பிள்ளை வண்டியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது, அதற்கு ஒரு சண்டை. வெள்ளைக்காரன் போகப்போகிறான், சுயராஜ்யம் வரப்போகிறது என்று பந்தலில் ஆண்கள் ஓயாமல் பேசினார்கள். போகிறவன் போகட்டும், வரவேண்டியவர் வரட்டும் என்றேன் நான். 

வண்டி ஏறுகிற நேரத்தில் சரோஜா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதோடு கேட்டாள்: "சித்தி, அன்னிக்கி நான் அந்த இன்னொரு இலய எடுத்திருந்தா சித்தப்பா இங்க இருந்திருப்பாரு இல்ல?" இதை எத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்தாளோ, உனக்குத் தெரியுமா அக்கா? உன்னிடமாவது சொன்னாளா?

"இருந்திருப்பாரு" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "உங்கப்பா இருந்திருக்க மாட்டாரு. உங்கம்மா என்னப் பாத்து வயிறெரிஞ்சிகினு இருந்திருப்பா. எந்த இலய எடுத்தாலும் ஒருத்தி எரிஞ்சிதான் ஆவணும் கண்ணு. கொயந்தைகிட்ட எடுக்கச் சொன்னவங்க நாங்க. உன் மேல இன்னா இருக்கு? போ, நல்லா இரு." அவள் அழுதுகொண்டே ஏறினாள். வண்டி வெள்ளானூர்ப் பாதையில் திரும்புகிறவரை நின்றேன்.

அவளிடம் சொன்னதை நானே பிறகுதான் யோசித்தேன். சிவப்பு வந்திருந்தால், அந்த வாழ்க்கையில் நீ ஒரு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் என் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். பங்காளிகள் வைக்கோலோடு வருவார்கள். நான் முறத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்திருப்பேனா? வெள்ளிக்கிழமைதோறும் என் நெற்றிக்கு முன்னால் உன் நெற்றியில் குங்குமம் வைத்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை அக்கா. பூ மாறி வந்ததற்காக நான் அம்மனை நியாயம் கேட்டேன். உன் பங்குக்கு வந்ததைப் பாதியாக்கி என் நெற்றியில் வைத்தவள் நீ. நியாயம் என்பது நம் வீட்டில் அந்தக் குங்குமச் சிமிழில்தான் இருந்ததோ? அதைத் திறந்தவள் நீயாகப் போய்விட்டாய் என்பதில்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை. புருஷன்கூட இரண்டாவதுதான்.

சிமிழை இப்போது நான் வைத்திருக்கிறேன். உன் சாமான்களைப் பிரித்தபோது நான் வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைச் சாய்த்துவைத்து நானே என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். உன் கை வைத்தால் நேராக இருக்கும். நான் வைத்தால் கொஞ்சம் கோணலாகத்தான் போகிறது.

ஒன்று சத்தியம் செய்கிறேன். அவர் கொரட்டூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிற அன்றைக்கு, அதே ஏரிப்படியில் உனக்கு இன்னொரு படையல் போடுகிறேன். மஞ்சளை நானே பூசுகிறேன், பூவை அழுத்தாமல் வைக்கிறேன். அதுவரைக்கும் உன்மேல் பொறாமைப்படுவதை ஒருநாளும் நிறுத்தமாட்டேன். கண்ணை மூடுகிறவரை வரவில்லையென்றால், கண்ணை மூடுகிறவரை படுவேன். நான் சிரித்த முகமாய் உன்னைக் கும்பிட்டு, நல்லாரு அக்கா என்று ஒருநாள் சொன்னேனானால், அன்றைக்கு நீ எனக்காக அழு.

உன் புடவையைக் கட்டிக்கொண்டு, இன்னும் வயிறெரிந்துகொண்டிருக்கும்
உன் ஓரகத்தி,
உன் கொழுந்தன் பெண்சாதி,
தேசம்மா